கோழிச் சிறகில் எருமை எங்கிருந்து வந்தது? ‘பஃபலோ’ என்ற சொல்லின் வழித்தடம்

கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு துரித உணவுக் கடைக்குப் போனால் பட்டியலில் ‘பஃபலோ விங்ஸ்’ என்று இருக்கும். மாட்டிறைச்சி தொடாதவர் அதைக் கண்டதும் அடுத்த வரிக்குப் போய்விடுவார். அதே ஆள் வீட்டுக்குப் போகிற வழியில் ‘பஃபலோ கேர்ட்’ என்று ஒட்டிய தயிர்ச் சட்டியை யோசிக்காமல் வாங்குவார். முதலாவதில் எருமை மருந்துக்கும் இல்லை. இரண்டாவதில் இருப்பது எருமைப்பால்.

பள்ளிக்கூட அகராதி ‘பஃபலோ: எருமை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. அது பிழையல்ல, பாதிதான். ஆங்கிலத்தில் இந்தச் சொல் எந்த நாட்டாரின் வாயில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விலங்கு மாறும். சில இடங்களில் விலங்கே காணாமல் போய், ஒரு ஊரோ ஒரு சுவையோ ஒரு வினையோ மிஞ்சும்.

ஒரு பெயர், மூன்று விலங்கு

இன்றைய ஆங்கிலத்தில் ‘பஃபலோ’ குறிக்கும் விலங்குகள் இவை:

1. நம்முடைய எருமை. அறிவியல் பெயர் பூபாலஸ் பூபாலிஸ். ஆங்கிலத்தில் ‘வோட்டர் பஃபலோ’ என்றும் சொல்வார்கள். கறுப்புத் தோல், குறைந்த மயிர், பின்பக்கமாக வளைந்த கொம்பு. வியர்வைச் சுரப்பி குறைவு என்பதால் வெயில் ஏறினால் சேற்றிலோ குளத்திலோ இறங்காமல் அதனால் இருக்க முடியாது. ‘வோட்டர்’ என்ற அடைமொழிக்குக் காரணம் அதுதான்.

2. ஆப்பிரிக்க எருமை, சின்செரஸ் காஃபர். இரண்டு கொம்பின் அடியும் நெற்றியில் சேர்ந்து தலைக்கவசம் போலத் தடித்திருக்கும். இதை எவரும் பழக்கி ஏரில் பூட்டியதில்லை.

3. அமெரிக்கப் பைசன், பைசன் பைசன். தோளில் பெரிய திமில், தாடி, கழுத்தைச் சுற்றிக் கம்பளி, மேல்நோக்கிய குட்டைக் கொம்பு. விலங்கியல்படி இது எருமையே அல்ல. பசுவுக்குத்தான் கிட்டிய உறவு.

மூன்றாவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். பசுவுக்கு நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) 60. பைசனுக்கும் 60. எருமைக்கு 50. பசுவையும் பைசனையும் கலந்து அமெரிக்கர்கள் ஒரு கலப்பினத்தை உண்டாக்கி, ‘பீஃப்’ என்பதையும் ‘பஃபலோ’ என்பதையும் ஒட்டி ‘பீஃபலோ’ என்று பெயர் வைத்தார்கள். நம் பட்டிகளில் பசுவும் எருமையும் வருடக்கணக்காக ஒன்றாக மேய்ந்தாலும் கலப்புக் கன்று பிறப்பதில்லை. ‘பஃபலோ’ என்ற ஒரே பெயரில் அழைக்கப்படும் பைசனுக்கும் எருமைக்கும் இடையே இவ்வளவு தூரம்.

முதலாவதுக்கு உள்ளேயும் ஒரு பிரிவு உண்டு. விலங்கு மருத்துவ நூல்களில் ‘ரிவர் பஃபலோ’, ‘ஸ்வாம்ப் பஃபலோ’ என்று வரும். ஆற்றில் நிற்பது, சதுப்பில் நிற்பது என்று அதை எடுக்கக் கூடாது. இரண்டும் இரண்டு வகை. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பாலுக்காக வளர்க்கும் முறா, நீலி ராவி போன்றவை முதல் வகை, நிறமூர்த்தம் 50. தென்கிழக்காசியாவில் ஏர் இழுப்பவை இரண்டாம் வகை, 48. இலங்கையின் நாட்டு எருமை பார்வைக்கு இரண்டாம் வகை போல இருந்தாலும் எண்ணிப் பார்த்தால் 50.

மானிலிருந்து மாட்டுக்கு

சொல்லின் பயணம் கிரேக்கத்தில் தொடங்குகிறது. அங்கே ‘பூபாலோஸ்’ என்றால் வட ஆப்பிரிக்காவின் ஒருவகை மான். கிரேக்கத்தில் மாட்டுக்குப் பெயர் ‘பூஸ்’. இரண்டின் ஒலியும் கிட்ட இருந்ததால் மானின் பெயர் மெல்ல மாட்டுப் பக்கம் சாய்ந்தது. இலத்தீனில் அது ‘பூபாலுஸ்’ ஆனது. கி.பி. முதலாம் நூற்றாண்டு உரோம எழுத்தாளர் பிளினி, விவரம் தெரியாதவர்கள் ஐரோப்பியக் காட்டு மாட்டை இந்தப் பெயரால் அழைக்கிறார்கள், உண்மையில் அது ஆப்பிரிக்காவில் உள்ள, கன்றுக்குட்டியும் மானும் கலந்த சாயல் கொண்ட விலங்கின் பெயர் என்று குறைப்பட்டு எழுதினார். ஏறத்தாழ 2000 வருடங்களுக்கு முன்பே இந்தச் சொல்லைப் பிழையாகப் பாவிப்பதாக முறைப்பாடு இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

பிற்கால இலத்தீனில் ‘பூஃபாலுஸ்’ என்று ‘ப’ ஒலி ‘ஃப’ ஒலியாக மாறியது. ஆசிய எருமை மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு வந்து சேர்ந்தபோது அதற்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து இத்தாலியத்தில் ‘பூஃபலோ’, போர்த்துக்கேயத்தில் ‘பூஃபலூ’.

ஆங்கிலத்துக்கு இது 1580களில் வந்தது, பெரும்பாலும் ஆசியா பற்றிய போர்த்துக்கேயக் குறிப்புகளின் வழியாக. மட்டக்களப்பாருக்கு இந்த இடம் அன்னியமில்லை. 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டியவர்கள் அதே போர்த்துக்கேயர். பத்து வருடத்தில் கோட்டை ஒல்லாந்தரிடம் போனாலும், மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்களில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி இன்னும் ஒலிக்கிறது. அலுமாரியும் சாவியும் சன்னலும் போர்த்துக்கேயத்திலிருந்து நமக்கு வந்தன. எருமையின் பெயரை மட்டும் நாம் கடன் வாங்கவில்லை. வாங்கத் தேவையும் இருக்கவில்லை: மருதத் திணைக்கு உரிய விலங்காகவே எருமையைச் சொல்லி, ‘காரான்’, ‘மேதி’ என்று வேறு பெயர்களும் வைத்திருந்த மொழி இது. கடன் வாங்கவேண்டி வந்தது எருமை இல்லாத தேசத்தாருக்கு.

இதற்கு முன் ஆங்கிலேயர் காட்டு மாட்டுக்கு ‘பியூகிள்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை வைத்திருந்தார்கள். அதன் கொம்பில் ஊதியது ‘பியூகிள் ஹோர்ன்’. விலங்கின் பெயர் வழக்கொழிந்து, கருவியின் பெயர் மட்டும் மிஞ்சியது. பள்ளிக் கடேற் அணியில் பிள்ளைகள் ஊதும் பித்தளைக் குழலின் பெயரில் ஒரு மாடு ஒளிந்திருப்பது இப்படித்தான்.

அமெரிக்காவில் ஆள்மாறாட்டம்

1630களிலிருந்து வட அமெரிக்கக் குடியேறிகள் தாங்கள் கண்ட திமில் மாட்டைப் ‘பஃபலோ’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். உண்மையான எருமையைக் கண்டிராத ஆட்கள். பெரிய, கறுத்த, கொம்புள்ள விலங்குக்குக் கைவசம் இருந்த பெயரைக் கொடுத்தார்கள். 1913இல் வெளிவந்த ஐந்து சத நாணயத்தில் இருப்பது பைசன். மக்கள் அதைச் சொல்வதோ ‘பஃபலோ நிக்கல்’. 2016 மே மாதம் அந்த விலங்கைத் தேசியப் பாலூட்டியாக அறிவித்த சட்டத்தில் மட்டும் கவனமாகப் ‘பைசன்’ என்று எழுதினார்கள். சட்டத்தில் ஒன்று, வாயில் வேறொன்று.

இதனால் அமெரிக்கருக்கு ஆசிய விலங்கைப் பிரித்துச் சொல்ல ‘வோட்டர்’ கட்டாயம் தேவைப்படுகிறது. இலங்கை, இந்திய ஆங்கிலத்தில் தேவையில்லை. இங்கே வெறும் ‘பஃபலோ’ என்றாலே எருமைதான்.

சாப்பாட்டுப் பட்டியலைப் படிப்பது

நியூயோர்க் மாநிலத்தில் பஃபலோ என்று ஒரு நகரம் இருக்கிறது. பஃபலோ கிரீக் என்ற ஓடையின் பெயரால் வந்த பெயர். 1964இல் அங்கே ஆங்கர் பார் என்ற கடையில் தெரேசா பெல்லிசிமோ என்ற பெண், கோழிச் சிறகுகளை மாவில் தோய்க்காமல் எண்ணெயில் பொரித்து, வெண்ணெயும் காரமான மிளகாய்ச் சோஸும் கலந்த குழம்பில் புரட்டிக் கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ‘பஃபலோ விங்ஸ்’ என்றால் பஃபலோ ஊர்ச் சிறகு. ‘யாழ்ப்பாணத்துக் கறித்தூள்’ என்பதில் யாழ் இல்லையே, அதுபோல.

பிறகு ஊர்ப் பெயரும் தேய்ந்து ஒரு சுவையின் பெயராகிவிட்டது. இப்போது ‘பஃபலோ சோஸ்’, ‘பஃபலோ கோலிஃபிளவர்’ எல்லாம் உண்டு. பொதியில் அடைத்த உருளைக்கிழங்குச் சீவலுக்கும் அந்தச் சுவை வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சமவெளிகளில் ‘பஃபலோ சிப்ஸ்’ என்றால் அடுப்பெரிக்கப் பொறுக்கிய பைசன் வரட்டி என்பதைச் சாப்பிடும்போது நினைக்க வேண்டாம்.

பட்டியலில் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்:

1. சிறகு, கோழி, சோஸ், மரக்கறி ஆகியவற்றோடு வந்தால்: சுவை. எருமை இல்லை. ஆனால் வெண்ணெய் இருக்கலாம், பால் ஒவ்வாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2. பால், தயிர், நெய், சீஸ் ஆகியவற்றோடு வந்தால்: எருமைப்பால். இத்தாலியின் ‘மொசரெல்லா தி பூஃபலா’வும் இதில் அடங்கும், அங்கே வளர்ப்பது நம்முடைய எருமையின் சொந்தம்தான், பைசன் அல்ல.

3. இறைச்சியோடு வந்தால்: பொதியில் நாட்டைப் பாருங்கள். இந்தியப் பொதியென்றால் எருமை இறைச்சி. ஏற்றுமதித் துறையில் ‘காராபீஃப்’ என்றும் எழுதுவார்கள். அமெரிக்கப் பொதியென்றால் அநேகமாகப் பைசன். வளைகுடாவில் வேலை செய்து வந்தவர்களுக்கு ‘ஜாமூஸ்’ என்ற அரபுச் சொல் பழக்கமாக இருக்கும். பாரசீகத்தின் ‘காவ்மேஷ்’ அரபு வாயில் அப்படி மாறியது. அது எருமையை மட்டுமே குறிக்கும், குழப்பம் இல்லை.

தயிர்ச் சட்டியில் ஒட்டிய சொல்

மட்டக்களப்பில் தயிர் என்றால் முன்பெல்லாம் எருமைத் தயிர் என்றுதான் அர்த்தம். எழுதி ஒட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை. பசுப்பால் தயிரும் பிளாஸ்டிக் கோப்பைகளும் வந்த பிறகு ‘பஃபலோ’ என்பது ஒரு தர முத்திரை போல ஆகிவிட்டது. சிங்களத்தில் ‘மீகிரி’ என்று எழுதியிருந்தால் அதே எருமைதான். ‘மீ’ எருமை, ‘கிரி’ பால்.

இந்த ஒரு சொல்லுக்கு ஏன் விலை கூடுகிறது? எருமைப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 முதல் 8 வீதம், பசுப்பாலில் 3.5 முதல் 4 வரை. புரதமும் எருமைப்பாலில் கூட. அதனால் தயிர் இறுகி உறையும். கரண்டியால் ஒரு வெட்டு வெட்டி எடுத்தால் வெட்டிய பக்கம் சுவர் போல நிற்கும், குழியில் தண்ணீர் மெதுவாகத்தான் ஊறும். நிறமும் வித்தியாசம். பசுப்பாலுக்கு இலேசான மஞ்சள் தருவது பீற்றா கரோட்டின். எருமை அதை முழுக்க விற்றமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் பால் தூய வெள்ளை.

ஆனால் இறுக்கத்தை மட்டும் வைத்து ‘இது பஃபலோதான்’ என்று தீர்மானிக்க முடியாது. பசுப்பாலில் பால்மா சேர்த்தாலும் தயிர் இறுகும். மண்சட்டியும் சாட்சியல்ல: சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால் எந்தத் தயிரும் அதில் சற்று இறுகும். மறுபக்கம், நல்ல எருமைப்பாலே உறையாமல் போவதும் உண்டு. காய்ச்சிய பால் கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 முதல் 45 பாகைக்கு, ஆறமுன் உறை போட்டால் உறையிலுள்ள பற்றீரியா செத்துவிடும். மிகவும் ஆறிய பிறகு போட்டால் உறைய நேரமெடுத்துப் புளித்து இழுபடும். ஆகவே பார்க்கவேண்டியது முன்பக்கத்துப் பெரிய எழுத்தை அல்ல, பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலை. அங்கே ‘பஃபலோ மில்க்’ என்று மட்டும் இருந்தால் சரி. ‘மில்க்’ என்று மொட்டையாகவோ ‘மில்க் பவுடர்’ என்றோ இருந்தால் முன்பக்க எருமை வெறும் படம்.

இன்னொரு சின்ன விஷயம். ‘கேர்ட்’ என்பதைத் தயிருக்குப் பாவிப்பது இலங்கை, இந்திய ஆங்கிலம். பிரித்தானியாவில் ‘கேர்ட்’ என்றால் பால் திரிந்து பிரியும் கட்டி, சீஸ் செய்வதன் முதற்படி. அங்கேயுள்ள உறவினருக்கு விளக்குவதென்றால் ‘பஃபலோ மில்க் யோகர்ட்’ என்று சொன்னால் உடனே விளங்கும்.

வெருட்டும் வினை, சுணங்கும் வசவு

அமெரிக்கப் பேச்சில் ‘பஃபலோ’ ஒரு வினைச்சொல்லும்கூட. அதன் இரண்டு பொருளுக்கும் நம்மிடம் அச்சொட்டான சொற்கள் உண்டு: வெருட்டுவது, பேய்க்காட்டுவது. ‘டோன்ட் லெற் தெம் பஃபலோ யூ’ என்றால் ‘அவங்கட வெருட்டுக்கு மசியாத’ என்று அர்த்தம். இங்கே எருமையைத் தேடினால் வாக்கியம் கெட்டுவிடும்.

ஊர்ப் பெயர், விலங்கு, வினை என்ற மூன்றையும் வைத்து அமெரிக்கர்கள் செய்த வேடிக்கை வாக்கியம் ஒன்று மொழியியல் வகுப்புகளில் பிரபலம். ‘பஃபலோ’ என்ற சொல்லை எட்டுத் தடவை அடுக்கிச் சொல்வது, அவ்வளவுதான். இலக்கணப்படி அது முழு வாக்கியம். 1, 3, 7ஆம் இடங்களில் ஊர். 2, 4, 8இல் விலங்கு. 5, 6இல் வினை. தமிழில்: ‘பஃபலோ ஊர் எருமைகள் வெருட்டுகிற பஃபலோ ஊர் எருமைகள், பஃபலோ ஊர் எருமைகளை வெருட்டுகின்றன.’ நம் வாக்கியத்தில் ‘கிற’, ‘களை’, ‘கின்றன’ என்ற விகுதிகள் யார் யாரை என்று காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் இடம் ஒன்றுதான் வழிகாட்டி. மேலும் ஆங்கிலப் பன்மையில் ‘பஃபலோஸ்’ என்றும் சொல்லலாம், மாற்றாமல் ‘பஃபலோ’ என்றும் விடலாம். அந்தச் சலுகை இல்லாவிட்டால் இந்த விளையாட்டே இல்லை.

வசவு வேறு கதை. “எருமைமாடு மாதிரிப் படுத்துக் கிடக்காம எழும்பு மனே” என்று வீட்டில் ஒரு உம்மாவோ அம்மாவோ சொன்னால் அதில் இருப்பது சோம்பலும் சுரணையின்மையும். எருமை மாட்டில் மழை பெய்தது போல என்ற பழமொழியும் அதே குணத்தைத்தான் சொல்கிறது. சிங்களத்தில் ‘மீஹரகா’ என்றால் மூளை மட்டானவன். ஆங்கிலச் சொல்லில் இந்த வாசனைகள் இல்லை. இலங்கை ஆங்கிலத்தில் ‘யூ பஃபலோ’ என்று திட்டினால் நமக்கு விளங்குவது உள்ளே தமிழோ சிங்களமோ ஓடுவதால்தான்.

வசவை அப்படியே மொழிமாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு 1993இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது உதாரணம். இரவில் வெளியே சத்தம் போட்ட கறுப்பின மாணவிகளைப் பார்த்து ஒரு மாணவன் ‘வோட்டர் பஃபலோ’ என்று கத்தினான். இனவெறி வசவு என்று ஒழுக்காற்று நடவடிக்கை தொடங்கியது. ஹீப்ருவில் ஒழுங்கில்லாமல் நடப்பவரைச் சொல்லும் ‘பெஹேமா’, அதாவது மாடு, மிருகம், என்ற சொல்லைத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன் என்பது அவன் தரப்பு விளக்கம். விஷயம் நாடு முழுக்கப் பேசப்பட்டு, கடைசியில் முறைப்பாட்டாளர்களே அதைக் கைவிட்டார்கள். இத்தாலியத்தில் பெண்ணெருமையின் பெயரான ‘பூஃபலா’வுக்குப் பொய்ச் செய்தி, புரளி என்று பொருள். ஒவ்வொரு மொழியும் எருமையின் தலையில் ஒவ்வொன்றைக் கட்டியிருக்கிறது.

தமிழில் எழுதும்போது

செய்தி மொழிபெயர்ப்பில் அடிக்கடி தடுக்கி விழும் இடங்கள் இரண்டு.

1. ‘வோட்டர் பஃபலோ’வை ‘நீர் எருமை’ என்று எழுதுவது. தமிழில் எருமை என்றாலே அதுதான். ‘நீர்’ சேர்த்தால் ஏதோ புது விலங்கு என்று வாசகர் நினைப்பார். மட்டக்களப்பு வாவியில் உள்ள எருமைத்தீவுக்கு ஆங்கிலப் பெயர் பஃபலோ ஐலண்ட். அதைத் திரும்பத் தமிழாக்கும்போது யாரும் நீரெருமைத் தீவு என்று எழுதமாட்டார்கள் அல்லவா.

2. ‘காட்டெருமை’. ஆங்கிலேயரை மட்டும் குறைசொல்ல முடியாது, நாமும் ஒரே பெயரைப் பலருக்குக் கொடுத்தவர்கள்தான். தமிழ்நாட்டில் மலைக்காட்டு ‘கவுர்’ மாடும் காட்டெருமை, பைசனும் காட்டெருமை, ஆப்பிரிக்க எருமையும் காட்டெருமை. அம்பாறைக் காட்டோரத்திலோ காட்டில் திரியும் எருமையே காட்டெருமை. அமெரிக்கச் செய்தி என்றால் ‘பைசன்’ என்றே எழுதிவிடுவது நல்லது. ஆப்பிரிக்கா என்றால் ‘ஆப்பிரிக்க எருமை’.

‘பஃப்’ குடும்பமும் போலி உறவுகளும்

பிரெஞ்சில் எருமைக்கு ‘பஃபிள்’. ஆங்கிலத்தில் அது ‘பஃப்’ என்று சுருங்கி முதலில் எருமைத் தோலையும், பிறகு அதுபோலப் பதனிட்ட தடித்த தோலையும் குறித்தது. பதினேழாம் நூற்றாண்டுப் படைவீரர் அணிந்த ‘பஃப் கோட்’ அந்தத் தோலால் ஆனது. எருமை கறுப்பு, பதனிட்ட தோலோ மங்கிய மஞ்சள் கலந்த மண்ணிறம். ஆகவே ‘பஃப்’ நிறத்தைக் கறுப்பு என்று எண்ணக் கூடாது.

அந்தத் தோலால் உலோகத்தைத் தேய்த்து மினுக்கியதிலிருந்து ‘பஃப்’ பண்ணுவது என்ற வினை வந்தது. வாகனத்துக்குப் பொலிஷ் போடும் இடத்தில் சுழலும் பஞ்சுச் சில்லுக்குப் ‘பஃபிங் வீல்’ என்று பெயர். பஞ்சு வந்து தோல் போய்விட்டது, பெயர் போகவில்லை. நியூயோர்க்கில் தீயணைப்புத் தொண்டர்கள் பஃப் நிற மேலங்கி அணிந்தார்கள். தீப்பிடித்த இடத்துக்கெல்லாம் ஓடிப்போய்ப் பார்க்கும் பித்தர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டி, பிறகு எந்தப் பித்துக்கும் பொதுவாகி, இன்று ‘ஃபிலிம் பஃப்’ என்றால் சினிமாப் பித்தர்.

ஒலி ஒத்தாலும் உறவில்லாதவையும் உண்டு. கணினியில் காணொளி திக்கும்போது வரும் ‘பஃபர்’, மெத்தென்ற பொருள் மோதும் ஓசையிலிருந்து பிறந்த சொல். வெடுக்கென்று மறுப்பதைக் குறிக்கும் ‘ரீபஃப்’ இத்தாலியத்திலிருந்து வந்தது. கலியாண மண்டபத்து ‘பஃபே’ பிரெஞ்சில் பாத்திரம் வைக்கும் மேசையின் பெயர். அந்த மேசையின் ஓரத்தில் எருமைத் தயிர்ச் சட்டியும் பாணியும் வைத்திருந்தாலும், இரண்டு சொல்லுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது.